கையால் இரண்டு சுற்று

நான் ஒரு நல்ல மெக்கானிக்கின் பெயரைக் கெடுத்தேன். தெரியாமல் செய்ததல்ல. இலுப்பூர்ப் பக்கம் ஒரு காதுகுத்து விழாவில், நூறு பேர் கேட்க, "டூப்ளிகேட் பெல்ட்டைப் போட்டு ஏமாத்திட்டான்" என்று சொன்னேன். அவர் போட்டது நல்ல பெல்ட் என்பது அந்த நூறு பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும். இதை முதலிலேயே எழுதிவிட்டால் அவரைப் பற்றி மற்றதை எழுதக் கொஞ்சம் தைரியம் வரும்.

புதுக்கோட்டையிலிருந்து இலுப்பூர் போகிற சாலையில் அவருடைய ஷெட் இருந்தது. போர்டு கிடையாது. நாலு தகரம், ஒரு பள்ளம், வெள்ளைப் பெயின்டில் எண்கள் எழுதிய ஒரு சுவர். ஆள் ஒல்லி. காக்கிச் சட்டையின் மேல் பட்டனைக் கழுத்து இறுகப் போட்டிருப்பார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கும் மெக்கானிக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பேன்ட் போட்டால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "பேன்ட்டு போட்டா முட்டி மடங்குதான்னு சந்தேகம் வருது சார்" என்றார்.

எதையும் இரண்டு முறை பார்க்காமல் நம்பாதவர் அவர். ஷெட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, பத்தடி நடந்து, திரும்பி வந்து மறுபடி இழுப்பார். டீக்கடையில் "சர்க்கரை போட்டாச்சா?" என்று கேட்டு, ஒரு வாய் குடித்துவிட்டு, "போட்டாச்சுல்ல?" என்பார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனபோதும் அப்படித்தான். சொல்லிவிட்டு ஒரு தடவை போனார். அடுத்த வாரம் சொல்லாமல் ஒரு தடவை போனார். இரண்டாம் தடவை மாப்பிள்ளை கைலியோடு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாராம். "ரெண்டு தடவையும் ஒரே ஆளா இருந்தான் சார். அதான் குடுத்தேன்" என்றார்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. எங்கே பொருந்தியது என்று தெரியும். டீசல் கார் இன்ஜினில் மேலே ஒரு சக்கரமும் கீழே ஒரு சக்கரமும் ஒரே தாளத்தில் சுற்றவேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது பல் வைத்த ஒரு ரப்பர்ப் பட்டை. அதுதான் டைமிங் பெல்ட். ஓடும்போது அது அறுந்தால், மேலிருந்து இறங்கும் வால்வும் கீழிருந்து ஏறும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். இன்ஜின் அத்தோடு உட்கார்ந்துவிடும். அதனால் இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை, நன்றாக இருக்கும்போதே அதைக் கழற்றிவிட்டுப் புதிது போடவேண்டும். "நல்லா இருக்கும்போது மாத்துனா அது சர்வீஸ். அறுந்தப்பறம் மாத்துனா அது கருமாதி" என்பார்.

புது பெல்ட்டை மாட்டியதும் சாவி போட விடமாட்டார். கீழ்ச் சக்கரத்தின் நட்டில் நீளமான ஸ்பேனரைப் பொருத்திக் கையாலேயே மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவார். பிறகு ஸ்பேனரை வண்டிக்காரரிடம் நீட்டுவார். இரண்டாவது சுற்று வண்டிக்காரர் கையால். சுற்றி முடிக்கும்போது இரண்டு சக்கரங்களிலும் உள்ள கோடுகள் மறுபடி அதே இடத்தில் வந்து நிற்கவேண்டும். நின்றால்தான் சாவி. வெள்ளைச் சட்டை போட்டுவந்த டாக்ஸிக்காரர்கள் முனகுவார்கள்.

"அண்ணே, சாவியைப் போட்டா தெரிஞ்சிரப் போவுது. இதுக்கு எதுக்குக் கையைக் கறையாக்கிக்கிட்டு?"

"சாவியைப் போட்டா வண்டிக்குத் தெரியும்ப்பா. கையால சுத்துனா நமக்குத் தெரியும். நமக்கு மொதல்ல தெரிய வேணாமா?"

நான் கல்லூரியில் கணிதம் நடத்தியவன். கீழ்ச் சக்கரம் இரண்டு சுற்றினால் மேல் சக்கரம் ஒன்று சுற்றும், ஆகவே இரண்டு சுற்றுக்குப் பிறகுதான் இரண்டு கோடுகளும் ஒன்றாகச் சேரும் என்று அவரிடம் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நான் செய்றது சரிதாங்கிறீங்க?" என்றார். சரிதான் என்றேன். "சரிதானே?" என்றார். அன்றிலிருந்து நான் அவருக்குக் 'கணக்கு சார்'.

என் கார் வாங்கும்போதே பழையது. அதன் மீட்டர் ஒரு லட்சத்து அறுபதாயிரத்தைத் தொட்டபோது அவர் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், தண்ணீர் பம்ப் மூன்றையும் மாற்றினார். சுவரில் என் வண்டி எண்ணை எழுதி, பக்கத்தில் 'பெல்ட் 80, அடுத்து 2,40' என்று எழுதினார். அந்த பெல்ட்டுக்கு எண்பதாயிரம் கிலோமீட்டர் ஆயுள், அதாவது மீட்டரில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்வரை. "தூரமா ஓட்டிப் பாக்கணும் சார்" என்றார். அவரையும் ஏற்றிக்கொண்டு ஆவுடையார்கோவில் போனேன்.

மண்டபத்தின் கூரையில் மரச் சட்டமும் ஆணியும் போலவே கல்லில் செதுக்கியிருப்பதைக் கழுத்து வலிக்கப் பார்த்தார். "கல்லுலயா ஆணி அடிச்சிருக்கான்?" என்று கேட்டார். கொஞ்சம் நடந்துபோய்த் திரும்பி வந்து மறுபடி பார்த்தார். சந்நிதியில் லிங்கம் கிடையாது, அது நிற்கும் பீடமான ஆவுடை மட்டும்தான் என்று நான் விளக்கியபோது திகைத்துப்போனார். "உள்ள ஒண்ணும் இல்லைன்னா நான் எதை சார் ரெண்டு தடவை பாக்குறது?" என்று என் காதில் கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குருக்கள் முறைத்தார். பிராகாரத்தை இரண்டு சுற்றோடு நிறுத்திக்கொண்டார். மூன்று சுற்ற வேண்டாமா என்றேன். "ரெண்டுலயே கோடு சேர்ந்திருச்சு சார்."

ஆயில் மாற்ற வருகிற ஒவ்வொரு வண்டியிலும் அவர் முதலில் கேட்பது "மீட்டர் எவ்ளோ?" வண்டிக்காரர் சொல்வார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் தானும் ஒருமுறை பார்ப்பார். வட்டாட்சியர் வண்டியாக இருந்தாலும் பார்ப்பார். என் வண்டியில் மட்டும் பார்க்கமாட்டார். "கணக்கு சார் சொல்ற நம்பரை நான் எட்டிப் பாத்தா அது மரியாதை இல்லை" என்பார். அவர் வாழ்க்கையில் இரண்டாம் முறை பார்க்காமல் நம்பிய ஒரே பொருள் என் வாய்ச்சொல் என்று நினைக்கிறேன்.

அந்த பெல்ட் போட்ட சில நாட்களிலேயே என் மீட்டரில் எண்கள் நின்றுபோயின. வேக முள் ஒழுங்காக ஆடியது. கிலோமீட்டர் எண்கள் மட்டும் நகரவில்லை. உடனே சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் மீட்டரைக் கழற்றி இரண்டு நாள் வண்டியை வைத்துக்கொள்வார். எனக்கு என்ன, மனக்கணக்கு இருக்கிறதே என்று விட்டேன். கல்லூரிக்குப் போகவர ஒரு நாளைக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர், வருடத்துக்கு முந்நூறு நாள், எட்டாயிரத்து நானூறு. அடுத்த சர்வீஸில் அவர் "மீட்டர் எவ்ளோ சார்?" என்றதும் அந்தக் கணக்கில் வந்த எண்ணை, மீட்டரைப் பார்த்துப் படிப்பதுபோலக் கண்ணை இடுக்கிக்கொண்டு சொன்னேன்.

வீடு வந்த பிறகுதான் சென்னைப் பயணங்கள் நினைவுக்கு வந்தன. மகளைச் சென்னையில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாதம் ஒருமுறை நானும் மனைவியும் காரில் போய்வருவோம். போகவர எண்ணூறு கிலோமீட்டர். அடுத்த முறை அதையும் சேர்த்துச் சொன்னால் எண் திடீரென்று எகிறும், குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே சேர்க்கவில்லை. அதற்கடுத்த முறை சேர்த்தால் இன்னும் எகிறும். ஐந்து வருடம் சேர்க்கவே இல்லை. மாணவர்களுக்கு ஒரு படி தவறினால் விடை முழுதும் தவறு என்று சொல்லிக்கொடுத்தவன் நான்.

அவர் ஓட்டிப் பார்க்கும்போது நின்றுபோன எண் கண்ணில் படுமே என்று பயந்து, மீட்டர் கண்ணாடியில் அந்த இடத்தில் ஒரு சின்னப் பிள்ளையார் படத்தை ஒட்டினேன்.

"என்ன சார், மீட்டர்ல புள்ளையாரு உக்காந்திருக்காரு?"

"வீட்டில் ஒரு வேண்டுதல்."

"அப்ப நம்பரை எப்படிப் பாப்பீங்க?"

"சாய்ந்து பார்த்தால் தெரியும்."

அவர் சாய்ந்து பார்க்கவில்லை. பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நான் சொன்ன எண்ணைச் சுவரில் எழுதினார்.

காதுகுத்து வந்தது. என் தங்கை மகளுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. அதனால் அவள் குழந்தைக்குத் தாய்மாமன் ஸ்தானம் எனக்கு. என் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தவேண்டும். சீர்த் தட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு காலையிலேயே கிளம்பினோம். இலுப்பூருக்கு இந்தப் பக்கம், வயல்களுக்கு நடுவே, பானைக்குள் தேங்காய் உடைந்ததுபோல ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது. சாலையோரத்தில் நின்றபடியே, ஐந்து வருடத்தில் முதல்முறையாகச் சென்னையையும் சேர்த்து மனக்கணக்குப் போட்டேன். தொண்ணூறாயிரம் வந்தது. அவருக்கு நான் சொல்லியிருந்தது நாற்பத்திரண்டாயிரம்.

கடைசியில் ஒரு குட்டியானை லோடு வண்டி கிடைத்தது. உர மூட்டைகளின் மேல் சீர்த் தட்டுகள், தட்டுகளுக்கு நடுவில் பட்டு வேட்டியோடு நான். கோயில் வாசலில் அப்படி இறங்கும்போது நல்ல நேரம் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. குழந்தை பசியில் கத்திக்கொண்டிருந்தது. காது குத்த வந்த ஆசாரி பெட்டியை மூடிவைத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மச்சான், வாங்க!" என்றார் தங்கை கணவர், எல்லாரும் கேட்கும்படி. "தாய்மாமன் வர்றதுக்குள்ள புள்ளைக்குக் கல்யாணமே முடிஞ்சிருக்கும் போலயே. கணக்கு வாத்தியாருக்கு நேரம் பாக்கத் தெரியாதா?"

எல்லாரும் சிரித்தார்கள். என் முகம் எரிந்தது. அப்போதுதான் அதைச் சொன்னேன். மெக்கானிக் டூப்ளிகேட் பெல்ட் போட்டு ஏமாற்றிவிட்டான் என்று. அந்தக் கூட்டத்தில் இருந்த கார்க்காரர்களில் பாதிப் பேரை அந்த ஷெட்டுக்கு அனுப்பியவனே நான்தான். "அந்த ரெண்டு சுத்து ஆளா? நம்பவே முடியாத காலமாப் போச்சு" என்று யாரோ சொன்னார்கள். என்மேலிருந்த சிரிப்பு அத்தோடு நின்றது. ஆசாரி பெட்டியைத் திறந்தார்.

மறுநாள் டிராக்டரில் கட்டி இழுத்து வந்த வண்டியை அவர் திறந்தார். பெல்ட் நார்நாராகக் கிடந்தது. பல் ஒன்றுகூட மிச்சமில்லை. அதை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"மீட்டர் பாத்துத்தானே சார் நம்பர் சொன்னீங்க?"

"ஆமாம்."

கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நாப்பத்திரண்டுதானே சார் ஓடியிருக்கு?"

"ஆமாம்."

இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் பொய் சொன்னேன். அவர் தலையாட்டினார். "அப்ப என் தப்புதான்" என்றார். பத்து நாள் உட்கார்ந்து, வளைந்த வால்வுகளையும் பெல்ட்டையும் மாற்றி, இன்ஜினைப் பழையபடி ஓட வைத்தார். கூலி வாங்கிக்கொள்ளவில்லை.

அதன்பின் மூன்று வருடம் நடந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. இலுப்பூர்ப் பக்கத்து வண்டிகள் ஷெட்டைத் தாண்டிப் போயின. அதுகூடப் பரவாயில்லை. அவர் சுவரில் எல்லா வண்டிகளுக்கும் பெல்ட் எண்ணை மாற்றி எழுதிவிட்டார். எண்பது இருந்த இடமெல்லாம் நாற்பது. வருகிறவர்களிடமெல்லாம், "கணக்கு சார் வண்டியிலயே நாப்பத்திரண்டுல அறுந்திருச்சு. அவரு கணக்குத் தப்பாது. நாப்பதுல மாத்திருங்க" என்று சொன்னார். நான் ஷெட்டில் நிற்கும்போதே ஒரு டாக்ஸிக்காரர் கேட்டார்: "என்னண்ணே, ஊரெல்லாம் எம்பதுங்கிறான், நீங்க நாப்பதுங்கிறீங்க. பெல்ட்டு விக்கிறவன் ஒங்க மச்சானா?" அவர் என்னைப் பார்த்தார். சாட்சிக்கு. நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த டாக்ஸிக்காரர் பிறகு வரவில்லை.

என் வண்டிக்கும் நாற்பது ஆனது. சென்னைக்கு இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் போனோம்; இந்தத் தடவை அதையும் மனக்கணக்கில் சேர்த்தே எண் சொல்லிவந்தேன். பெல்ட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பல்லெல்லாம் அப்படியே இருந்தது. புதியதை மாட்டினார். ஒரு சுற்று அவர், ஒரு சுற்று நான். கோடுகள் சேர்ந்து நின்றன. சாவியை எடுத்தேன்.

"இருங்க சார்." ஸ்பேனரை மறுபடி பொருத்தினார். மூன்றாவது சுற்று. நான்காவது. குனிந்து கோடுகளைப் பார்த்தார். ஐந்தாவதுக்குக் கை போனது.

"என்ன இது? இரண்டு போதுமே" என்றேன்.

"போதும்தான். முன்ன போதும்." அவர் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. "அந்தக் கழட்டின பெல்ட்டைப் பாருங்க, நல்லாத்தான் இருக்கு. இன்னும் நாப்பது ஓடும்னு கை சொல்லுது. ஆனா ஒங்க வண்டியில அறுந்ததுலேருந்து என் கையையே நம்ப முடியலை சார்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நின்ற மீட்டர், சென்னை, காதுகுத்தில் நான் சொன்னது. பிள்ளையாரைக்கூட விடவில்லை.

அவர் அசையாமல் கேட்டார். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். சொன்னேன். இரண்டாம் முறை சொல்வதுதான் கடினம். முதல் முறை வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.

பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நின்றிருந்தேன்.

"அப்ப அந்தப் பெல்ட்டு நெசமா எவ்ளோ ஓடுச்சு?"

"தொண்ணூறாயிரம்."

"தொண்ணூறா?"

"தொண்ணூறு."

அவர் முகம் மெல்ல விரிந்தது. "எம்பதுதான் சார் அதுக்கு! பத்தாயிரம் கூட ஓடியிருக்கு! நான் போட்ட பெல்ட்டு!" என்று எழுந்து நின்றுவிட்டார். சுவரிடம் போனார், வந்தார், மறுபடி போனார். பிரஷ்ஷையும் பெயின்ட் டப்பாவையும் எடுத்து என்னிடம் நீட்டினார். "நீங்களே மாத்துங்க. எல்லாத்தையும்."

சுவரில் இருபத்துமூன்று வண்டிகள் இருந்தன. ஒவ்வொரு நாற்பதையும் அழித்து எண்பது எழுதினேன். அவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பத்தாவது வண்டிக்கு வரும்போதுதான் கோபம் வந்தது. "பொய் சொன்னீங்க, சரி. புள்ளையாரை வச்சுல்ல சார் மறைச்சீங்க! அவரு பாவம், இத்தனை வருசமா என்னையவே பாத்துக்கிட்டு இருந்திருக்காரே!" பதினைந்தாவதில், "அந்த எழுத்து கோணலா இருக்கு, திருப்பி எழுதுங்க" என்றார். திருப்பி எழுதினேன்.

பொய் சொன்ன இடத்திலேயே உண்மையைச் சொல்லவேண்டும் என்று எனக்கு இருந்தது. அந்த வருடமே தங்கை மகளின் இரண்டாவது குழந்தைக்குக் காதுகுத்து. அதே கோயில், அதே ஆசாரி. அவரை வற்புறுத்தி முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனேன். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். காது குத்தி முடிந்ததும் மைக்கை வாங்கினேன். தாய்மாமன் சீரை அறிவிக்கப் போகிறார் என்று எல்லாரும் திரும்பினார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில் நான் சொன்னது பொய், அந்த பெல்ட் தொண்ணூறாயிரம் ஓடிய நல்ல பெல்ட், தவறு முழுக்க என்னுடையது என்று சொன்னேன்.

சிலர் சாப்பாட்டுப் பந்தல் பக்கம் எட்டிப் பார்த்தார்கள்.

"அதுக்கென்ன மச்சான் இப்ப?" என்றார் தங்கை கணவர். "எலை போட்டாச்சு, வாங்க."

கூட்டம் சாப்பாட்டுப் பந்தலை நோக்கி நகர்ந்தது. நான் மைக்கோடு நின்றேன். மூன்று வருடம் தூக்கிச் சுமந்ததை இறக்கிவைத்தால் அதைக் கேட்க ஆளில்லை. அப்போது கூட்டத்தின் ஓரத்திலிருந்து அவர் கையைத் தூக்கினார்.

"சார், பந்தியில உக்காந்திருக்கவங்களுக்குக் கேக்கலையாம். அங்கிட்டுத் திரும்பி இன்னொரு தடவை சொல்லுங்க."

கழுத்துவரை பட்டன் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, கண்டிப்பாக நின்றார். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. பந்தலைப் பார்த்துத் திரும்பி, முதலிலிருந்து எல்லாவற்றையும் இன்னொரு முறை சொன்னேன். இந்தத் தடவை சிலர் சோற்றில் வைத்த கையை நிறுத்திக் கேட்டார்கள். ஆசாரி மட்டும், "அன்னைக்கு என்னைய ஒரு மணி நேரம் உக்கார வச்சது அப்ப நீங்கதானா?" என்று கேட்டார்.

பிறகு மூன்று நான்கு வண்டிகள் ஷெட்டுக்குத் திரும்பின. மற்றவை திரும்பவில்லை. அந்த டாக்ஸிக்காரரை நானே தேடிப் போய்ச் சொன்னேன். "சரிங்க சார்" என்றார். வரவில்லை. ஒரு பொய் போன தூரத்துக்கு அதன் திருத்தம் போவதில்லை. ஆனால் அவர் நான்கு சுற்றிலிருந்து இரண்டு சுற்றுக்கு வந்துவிட்டார். நானே பார்த்தேன்.

மீட்டரைச் சரிசெய்துவிட்டேன். அடுத்த சர்வீஸுக்குப் போனபோது பிள்ளையார் டாஷ்போர்டின் வேறு மூலையில் இருந்தார். பள்ளத்துக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"மீட்டர் எவ்ளோ சார்?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துப் படித்தேன்.

"சரிங்க சார்."

பள்ளத்திலிருந்து ஏறி வந்தார். கையைத் துடைத்தார். என் ஜன்னல் பக்கம் வந்து, என்னை உரசாமல், தலையை உள்ளே நீட்டி மீட்டரைப் பார்த்தார். சுவர்வரை போனார். எழுதுவதற்கு முன் திரும்பி வந்து இன்னொரு முறை பார்த்தார்.